கோது என்று சொல்லியிருக்கலாம்

அந்த நாட்களில் டென்மார்க்கில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் சுகம் விசாரிப்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "கேஸ் என்ன மாதிரி?" அகதி விண்ணப்பமும் கேஸ், மனைவி பிள்ளைகளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பமும் கேஸ். "கேஸ் கிடக்கு" என்றால் பதில் வரவில்லை என்று அர்த்தம். "கேஸ் எடுத்திட்டாங்கள்" என்றால் யாரோ ஓர் அதிகாரி கோப்பைத் திறந்துவிட்டார், இனிப் பயமில்லை. "எறிஞ்சு போட்டாங்கள்" என்றால் கதை முடிந்தது. பஸ் தரிப்பிலும் சலவைக் கூடத்திலும் இதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சொல்லே வெறுத்துப் போயிருந்தது.

என்னுடைய கேஸ் கிடந்தது. நான் எண்பத்தாறில் வந்தவன். மகள் அப்போது மனைவியின் வயிற்றில். என்னை அகதியாக ஏற்றுக்கொண்டதும், எண்பத்தேழு முடிவதற்குள் அவர்கள் இருவரையும் கூப்பிடுவதற்குப் பத்திரம் நிரப்பிக் கொடுத்தேன். தூதரகம் எந்த நேரமும் நேர்முகத்துக்குக் கூப்பிடும், சொன்ன நாளில் போய் நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதனால் மனைவி யாழ்ப்பாணத்தை விட்டுக் குழந்தையுடன் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து இருந்தாள். நான் இருந்த ஹோர்சன்ஸ் நகரில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்கும்போதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்மணி ஒரே வசனத்தைச் சொல்வார்: விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. ஒன்றரை வருடம், பிறகு இரண்டு வருடம், அதே வசனம். பாவம், அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அவருடைய முகத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலை இரும்புக் குழாய் வளைக்கும் ஒரு தொழிற்சாலையில். எங்கள் போர்மன், அதாவது மேற்பார்வையாளர், ஐம்பதைத் தாண்டிய டெனிஷ்காரர், பேச்சுக் குறைவு. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை விரித்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடிக்கொண்டிருந்தார். சாப்பிடக் கொண்டு வந்த பாண் துண்டு அப்படியே கிடந்தது. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. எட்டிப் பார்த்து அந்தப் பந்தியை எனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் சொன்னேன். ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவன் நான். அங்கே எல்லாக் குறிப்பும் ஆங்கிலத்தில்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். இரண்டு வருடம் ஒன்றாக வேலை செய்திருக்கிறோம், அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார்.

"சனிக்கிழமை வீட்டுக்கு வர முடியுமா?" என்று கேட்டார்.

அவர் ஒரு துப்பாக்கிச் சூட்டுக் கழகத்தில் உறுப்பினர். முந்நூறு மீற்றர் தூரத்தில் கடதாசி வட்டத்தைச் சுடுகிறவர்கள். கடையில் வாங்கும் தோட்டா எல்லாம் ஒரே சீராக இருக்காது என்பது அவருடைய குறை. அதனால் சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளை, அதாவது தோட்டாவின் வெற்று உறைகளை, திரும்ப எடுத்து, சுத்தம் செய்து, அடியில் நெருப்புக் கிளப்பும் சின்ன மூடியான பிரைமரைப் புதிதாக அழுத்தி, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்துத் தன் கையாலேயே தோட்டா செய்தார். அனுமதிப் பத்திரம் எல்லாம் முறையாக வைத்திருந்தார். மருந்துப் பெட்டி பூட்டுப் போட்ட அலுமாரியில் இருந்தது. நான் இருக்கும்போது அவர் அதைத் திறந்ததே இல்லை. என் வேலை வாசிப்பதும் கோது பார்ப்பதும்.

கோது பார்ப்பது என்றால் சும்மா வேலை இல்லை. முதலில் கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அடியிலிருந்து விரல் அகலத்துக்கு மேலே பளபளவென்று ஒரு கோடு ஓடினால் அந்த இடத்தில் பித்தளை மெலிந்துவிட்டது, அடுத்த முறை பிய்ந்துவிடும். சில கோதுகளில் அந்தக் கோடு வெளியே தெரியாது. ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுச் சுவரைத் தடவினால் பள்ளம் விரலுக்குப் படும். போர்மனின் விரல்கள் தடித்தவை, அவருக்கு அது பிடிபடவில்லை. எனக்கு முதல் நாளே பிடிபட்டது. பிரைமர் இருக்கும் குழியைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் குழி தளர்ந்துவிட்டது என்று ஒதுக்கிவிட வேண்டும். இவ்வளவுக்கும் தப்பியவற்றைத் தராசில் நிறுத்து, ஒரே நிறையுள்ளவற்றை ஒரு பெட்டியில் சேர்க்க வேண்டும். கோதின் சுவர் தடித்தால் உள்ளே இடம் குறையும், இடம் குறைந்தால் அழுத்தம் மாறும், அழுத்தம் மாறினால் முந்நூறு மீற்றரில் வட்டம் தப்பும்.

இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்ல வெட்கமாகக்கூட இருக்கிறது. மனைவியும் பிள்ளையும் ஒற்றை அறையில் கிடக்கிறார்கள், நான் அந்நியன் ஒருவனின் கராஜில் பித்தளையைத் தடவிக்கொண்டிருந்தேன். ஆனால் அங்கே ஒரு கோதை ஒதுக்கினால் ஏன் ஒதுக்கினேன் என்று காட்ட முடியும். இந்தா வெடிப்பு, இந்தா நிறை. அலுவலகக் கண்ணாடிக்கு முன்னால் அப்படி எதையும் எனக்கு யாரும் காட்டியதில்லை.

அறையில் என்னோடு இருந்த அண்ணைக்கு இது பிடிக்கவில்லை. கரவெட்டிக்காரர், என்னிலும் பத்து வயது மூத்தவர், அவருடைய குடும்பமும் காத்துக் கிடந்தது. ஒரு நாள் என் சட்டைப் பையிலிருந்து கோது ஒன்று கட்டிலில் விழுந்துவிட்டது. கண்டவர் எழும்பிப் போய் யன்னல் சீலையை இழுத்து மூடினார்.

"தம்பி, உனக்கு மூளை கீளை இருக்கோ?"

"வெறுங்கோது அண்ணை. போர்மன்ரை."

"போர்மன்ரை கையிலை இருந்தா அது விளையாட்டு. உன்ரை கையிலை இருந்தா அது என்னெண்டு பொலிஸ் கேட்பான். துவக்குத் தொட்டனியோ எண்டு உன்னை விசாரணையிலை கேட்டவங்களோ இல்லையோ?"

"கேட்டவங்கள்."

"என்ன சொன்னனீ?"

"இல்லை எண்டு."

"பிறகென்ன கோதும் கோழியும்! உன்ரை கேஸையும் கெடுத்து என்ரை கேஸையும் கெடுக்காதை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உண்மையில் நான் ஊரில் எந்த ஆயுதத்தையும் தொட்டவனில்லை. ஆனாலும் அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. பதில் வராமல் இருப்பதற்கு இதுதான் காரணமோ, யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்களோ என்று யோசிப்பேன். கராஜுக்குப் போவதை விடவில்லை. பேசுவதை மட்டும் குறைத்தேன். தமிழில் கோது, ரவை, தோட்டா, துவக்கு என்ற சொற்களை வாயில் எடுக்காமல் விட்டேன். போர்மனின் புத்தகத்தில் கோதுக்கு ஆங்கிலத்தில் கேஸ் என்று போட்டிருந்தது. நானும் மனதுக்குள் கேஸ் என்றே சொல்லப் பழகிக்கொண்டேன். அகதிக்கு எவ்வளவு புத்தி பாருங்கள்.

எண்பத்தொன்பது கோடையில் போர்மன் அமெரிக்காவிலிருந்து புதுக் கோதுகள் நூறு வரவழைத்தார். பார்வைக்கு வழமையானவை போலத்தான். ஆனால் அடியில் பிரைமருக்கான குழி சின்னது. பெரிய பிரைமர் ஐந்து மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் அதிகம், சின்னது நாலரைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம்கூட இல்லை; அதற்கு இரண்டு மாதம் சண்டை பிடித்தோம். குழி சின்னது என்றால் அதைச் சுற்றிப் பித்தளை அதிகம், அடி உறுதியாக இருக்கும், குழி சீக்கிரம் தளராது. நெருப்பும் மெதுவாக, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் போகும், வேகம் சீராக இருக்கும். பெரிய பிரைமரின் நெருப்பு பலத்தது, கொஞ்சம் முரட்டுத்தனமானது. துல்லியம் வேண்டுமென்றால் சின்னதுதான் என்று போர்மன் முடிவு கட்டிவிட்டார்.

நான் புத்தகத்தின் அடுத்த பக்கத்தை வாசித்தேன். மெதுவாக எரியும் மருந்து, அதிலும் நிறைய மருந்து போடும் கோதுக்கு, குளிர் காலத்தில் சின்ன நெருப்புப் போதாமல் போகலாம் என்று அதில் இருந்தது. போர்மன் பாவித்தது அந்த வகை மருந்துதான். சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை எழுதுவார்கள்" என்றார். கோடையில் அவர் சுட்ட கடதாசிகளைப் பார்த்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஐந்து ஓட்டையும் ஒரு தபால் முத்திரைக்குள் அடங்கின.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்த காலையில், என்னையும் சூட்டு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் சுடும் கொட்டகைக்குப் பின்னால் தள்ளி நின்றேன். முதல் வெடியிலேயே உடம்பு தானாகக் குனிந்தது. இடுப்பில் இருந்து இரண்டாக மடிந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்க்காத மாதிரி நின்றார்கள். அதற்கு நன்றி. பிறகு நான் காதைப் பொத்திக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். சின்னப் பிரைமர் போட்டவற்றில் நாலாவது, விசையை இழுத்ததும் "டிக்" என்றது, ஒரு கணம் ஒன்றுமில்லை, பிறகுதான் வெடித்தது. ஏழாவதும் அப்படியே. கடதாசியைக் கொண்டு வந்து பார்த்தபோது அந்த இரண்டும் வட்டத்துக்குக் கீழே தனியாகக் கிடந்தன. பெரிய பிரைமர் போட்ட பழைய கோதுகள் ஒன்றும் பிந்தவில்லை.

திரும்பும்போது காரை ஓட்டிக்கொண்டே போர்மன் சொன்னார்: "நீ சொன்னது சரி. குளிருக்குப் பெரியது. சின்னதைக் கோடைக்கு வைப்போம். அந்த நூறில் மிகத் திறமான இருபதை மட்டும் நீயே தெரிவு செய். மற்றது எனக்கு வேண்டாம்."

நீ சொன்னது சரி. அந்த நாட்டில் அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று பின்னேரம் முழுக்க இருந்து இருபதைத் தெரிந்தெடுத்தேன். மிச்சத்தை அவர் சொன்னபடி பழைய உலோகம் போடும் வாளிக்குள் கொட்டினேன். தலை கால் புரியாத சந்தோசம்.

மறுநாள் ஞாயிறு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மனைவிக்குத் தொலைபேசி எடுக்கும் நாள். தொடருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கூண்டிலிருந்து எடுப்பேன். லொட்ஜ் முகாமையாளரின் மேசையில்தான் தொலைபேசி, அவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். கொழும்பில் தமிழர் பேசும் தொலைபேசியை வேறு யார் யார் கேட்கிறார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். துவக்கு, வெடி என்று ஒரு சொல் வாயிலிருந்து வந்தால் அடுத்த நாள் அவள் பொலிஸ் நிலையத்தில் நிற்க வேண்டி வரலாம். இதை எல்லாம் யோசித்து, வெகு கவனமாகத்தான் பேசினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முந்திய கடிதம் ஒன்றில், "ஒரு பெரிய மனுசனுக்கு ஆங்கிலம் வாசித்துக் கொடுக்கிறேன், சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறேன்" என்று எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பெரிய மனுசன் என்றால் அலுவல் பார்க்கக் கூடியவர். அவள் அப்படித்தான் விளங்கிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்று திருத்தாமல் விட்டேன்.

"நேற்று முழுக்க அவரோடைதான்," என்றேன். "கேஸ் பாத்தனாங்கள்."

லைன் இரைந்தது. "என்னவாம்? அவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டாள்.

"அவர் சரியான கண்டிப்பு. சின்னப் பிழை எண்டாலும் ஒதுக்கிப் போடுவார். நூறு கேஸ் பாத்ததிலை இருபதுதான் தேறினது."

"மிச்சம்?"

"மிச்சம் எல்லாத்தையும் என்ரை கையாலையே எறிஞ்சன்." சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

லைன் மறுபடி இரைந்தது. பிள்ளை ஏதோ சிணுங்கியது கேட்டது. பிறகு "எங்கை?" என்று கேட்டாள்.

"எங்கை, குப்பை வாளிக்கைதான்!"

பணம் முடிந்து தொடர்பு அறுந்தது. அவளோடு சிரித்துப் பேசி எவ்வளவு காலம் என்று நினைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி அறைக்கு நடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது முகாமையாளர் சொன்னார், "அவ போன கிழமையே ரூமை விட்டிட்டா. பிள்ளையோடை ஊருக்குப் போறன் எண்டு சொன்னவ." ஏன் என்று கேட்டேன். தனக்குத் தெரியாது, அழுதுகொண்டு போனா என்றார். காய்ச்சலோ, அவளுடைய அப்பாவுக்கு ஏதுமோ, ஊரில் ஏதும் நடந்ததோ என்று பல விதமாக யோசித்தேன். என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன்.

ஐந்து வாரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு பக்கம்தான். "எங்கடை கேஸையும் உங்கள் கையாலேயே குப்பையில் எறிந்ததாகச் சிரித்துக்கொண்டு சொன்ன பிறகு நான் எதற்காக அந்த லொட்ஜில் கிடக்க வேண்டும்? எங்கடை எண்டு நான் கேட்டதற்கு வாளிக்குள் எண்டு சொன்னீர்கள். அங்கே உங்களுக்கு வேறு ஆள் கிடைத்திருந்தால் நேரே சொல்லியிருக்கலாம். பிள்ளையை நான் வளர்ப்பேன்."

எங்கடை. எங்களுடையதோ என்று அவள் கேட்டது, இரைச்சலில் என் காதில் எங்கை என்று விழுந்திருக்கிறது. கட்டிலில் இருந்தபடி அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அண்ணை தண்ணீர் கொண்டு வந்து தந்தார். என்ன என்று கேட்டார், சொல்லவில்லை. அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? கோது என்ற சொல்லை என் வாயிலிருந்து எடுத்தவரே அவர். அவரில் பிழை இல்லை. அது எனக்கு அப்போதும் தெரியும்.

அடுத்த கிழமை அலுவலகத்துக்கு ஓடினேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்மணி முதல் முறையாக வேறு வசனம் சொன்னார். இரண்டு வருடம் அசையாத கோப்பு அந்த மார்கழியில் அசைந்திருக்கிறது. தூதரகம் மனைவியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு லொட்ஜுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அவள் போகவில்லை. குடும்பத்துக்கு அக்கறை இல்லை என்று எடுத்துக் கோப்பை மூடிவிட்டார்கள்.

"அது ஒரு சொல்லால் வந்த பிழை" என்றேன்.

"என்ன சொல்?"

சொல்லிப் பார்த்தேன். டெனிஷில் கோப்புக்கு ஒரு சொல், பித்தளைக் கோதுக்கு முற்றிலும் வேறு சொல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பெண்மணி மிகப் பொறுமையாகக் கேட்டார். தோட்டா என்று வந்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை, மொழிப் பிரச்சினை என்று சொல்லிப் புதுப் பத்திரம் வாங்கிக்கொண்டு வந்தேன். முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்.

அவளுக்கு எழுதினேன். நடந்ததை மறைவாக எழுதினால் விளங்காது, வெளிப்படையாக எழுதினால் வழியில் யாரும் உடைத்துப் பார்த்தால் ஆபத்து. மூன்று கடிதம் எழுதிக் கிழித்து, கடைசியில் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். தொண்ணூறு பங்குனியில் பதில் வந்தது. நம்பினாளோ தெரியாது, ஆனால் வருகிறேன் என்று எழுதியிருந்தாள். கையில் இருந்த அலுவல்களை முடித்துக்கொண்டு ஆனி மாதம் கொழும்புக்குப் புறப்படுவதாக இருந்தாள். அந்த ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. பாதை மூடிவிட்டது. விமானங்கள் வந்து குண்டு போடத் தொடங்கின.

போர்மனின் வீட்டுக்குப் போவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். ஒரு முறை கேட்டார். கண் நோகிறது என்றேன். அவர் நல்ல மனிதர். அவரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்தப் பித்தளையின் மணம் நினைவு வந்தால் எழும்பிப் போய்க் கையைக் கழுவுவேன்.

ஆவணியில், ஆட்கள் கையில் கொடுத்துவிட்ட கடிதம் ஒன்று ஐரோப்பாவைச் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு அடுத்த வளவில் குண்டு விழுந்ததாக எழுதியிருந்தாள். பதுங்கு குழிக்கு ஓடி வரும்போது பிள்ளை வாசலில் நின்றுவிட்டது. "காயம் ஒன்றும் இல்லை. வலது காதால் இரத்தம் வந்தது. இப்போது இரத்தம் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புகிறாள் இல்லை."

அவர்கள் வந்து சேர்ந்தது தொண்ணூற்றொன்று சித்திரையில். கொழும்புக்கு வர எட்டு நாள், அங்கே மறுபடி மாதக் கணக்கில் காத்திருப்பு, பிறகு டென்மார்க்கின் கஸ்ட்ரப் விமான நிலையம். மகளுக்கு நாலு வயது கடந்துவிட்டது. நான் போய்த் தூக்கினேன். பயத்தில் விறைத்துப் போயிருந்தாள். காதுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மனைவி என் தோளைத் தொட்டு, "மற்றப் பக்கம்," என்றாள்.

அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி அவள் பிறகு பேசவே இல்லை. நான் பேசத் தொடங்கினால் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள்.

சில காலத்தில் விசயம் பத்திரிகைகளில் வெளியே வந்தது. எங்கள் விண்ணப்பங்கள் தற்செயலாகக் கிடக்கவில்லை. நீதி அமைச்சரின் உத்தரவில், சட்டத்துக்கு மாறாக, வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். விசாரணை நடந்தது, அரசாங்கமே ஆட்டம் கண்டது. அண்ணை பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "பாத்தியோடா தம்பி! எங்களிலை ஒரு பிழையும் இல்லை! நாங்கள் என்னவோ செய்துபோட்டம் எண்டு நினைச்சு நினைச்சுச் செத்தம்!" என்று சொல்லி அழுதார். அவரைக் கட்டிப்பிடித்தேன். எனக்கு அழ வரவில்லை. முதல் இரண்டு வருடத்துப் பிழை அவர்களுடையது. கடைசிப் பதினாறு மாதம் என்னுடையது. எல்லாருக்கும் கை நீட்டிக் காட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டார். எனக்கும் அவரைக் காட்டி முடிக்க ஆசையாகத்தான் இருந்தது.

கோல்டிங் நகரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் வழக்கறிஞர் ஒருவர் குடும்பங்களின் வாக்குமூலங்களை எழுதி எடுத்தார். எங்கள் முறை வந்தபோது மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். திகதிகளைக் கேட்டார்கள். கடைசியில் வழக்கறிஞர் கோப்பைப் புரட்டிவிட்டு ஒன்று கேட்டார், அந்தப் பிள்ளை தமிழில் சொன்னாள்: "எண்பத்தொன்பது கடைசியிலை அவை உங்களைக் கூப்பிட்டிருக்கினம் அக்கா. நீங்கள் போகேல்லை. ஏன் எண்டு கேக்கிறார்."

சொல்ல வேண்டியவன் நான். அதைச் சொல்வது என்று முடிவெடுத்துத்தான் அன்று வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். மனைவி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினாள். நோகும்படி அழுத்தினாள்.

"ரெண்டு வருசம் ஒரு பதிலும் இல்லை," என்றாள். "களைச்சுப் போனன். ஊருக்குத் திரும்பிப் போயிட்டன்."

"பிள்ளையின்ரை காது?" என்று மொழிபெயர்த்தவள் கேட்டாள்.

"அதுவும் அதாலைதான்."

வழக்கறிஞர் குனிந்து எழுதினார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன், "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"அது டெனிஷிலை எழுதின கடதாசி. பிள்ளை வளந்து ஒரு நாளைக்கு எடுத்து வாசிப்பாள். அதிலை உங்கடை கதை இருக்க வேண்டாம்."

"அப்ப நீர் என்னை மன்னிச்சிட்டீரோ?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"நான் அதைச் சொல்லேல்லை," என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்து இப்போது மூன்று வருடம் ஆகிறது. கடைசி வரைக்கும் அவள் அதைச் சொல்லவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை. மகளுக்கு இரண்டு பிள்ளைகள். அந்த வாக்குமூலத்தை இணையத்திலோ ஆவணக் காப்பகத்திலோ தேடி எடுத்து வாசித்திருக்கிறாள். அம்மா எவ்வளவு பாடுபட்டிருக்கிறா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அமைச்சரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டிருந்தேன். அவள் தமிழ் நன்றாகக் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.